புளியரை ஏற்றமும் மாமாவின் சைக்கிளும்

போன வாரம் புதன்கிழமை காலை ஏழேகால் மணிக்கு என் மாமா புளியரை மலைச்சாலையின் எஸ் வளைவைச் சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஏறி முடித்தார். கேரியரில் முறுக்கும் அதிரசமும் அடைத்த இரண்டு தகர டின், எடை 24 கிலோ. சாரல் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. நான் பைக்கில் பின்னாலேயே போனேன். மேலே ஓரமாக நிறுத்தச் சொல்லி, மோட்டார் உடம்பில் வெப்பமானியைக் காட்டினேன். 61 டிகிரி. மாமாவின் பழைய சைக்கிளில் மோட்டாரும் பேட்டரியும் பொருத்தும் வேலையைப் போன தை மாதம் தொடங்கினேன். நடுவில் ஒரு மோட்டார், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கன்ட்ரோலர், நாலு ஸ்போக்ஸ் கம்பி போயின. எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மாமாவுக்கு 58 வயது. செங்கோட்டையில் அத்தை பலகாரம் சுடுகிறாள். மாமா அதைப் புளியரை, கோட்டைவாசல், எல்லைக்கு அப்பால் கேரளாவின் ஆரியங்காவு வரைக்கும் சாயாக்கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறார். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. எங்கள் ஊருக்குக் கிழக்கே பிரானூர் பார்டர் என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பெயர் அந்தக் காலத்து எல்லையால் வந்தது. பிறகு எல்லை மேற்கே மலைக்கு நகர்ந்துவிட்டது. மாமாவின் அப்பா காலத்து வாடிக்கை நகரவில்லை. எஸ் வளைவு வந்தால் மாமா இறங்கித் தள்ளுவார். கேரளாவுக்கு எம் சாண்டும் காய்கறியும் ஏற்றிப் போகிற லாரிகள் பக்கத்தில் உரசுகிற மாதிரி போகும். தள்ளுகிறவர் சாலையில் இரண்டு ஆள் அகலம் எடுத்துக்கொள்கிறார். எனக்குப் பயமே அதுதான்.

இது நான் செய்த ஐந்தாவது மின்சைக்கிள். முதல் நாலும் செங்கோட்டை, இலஞ்சி, தென்காசி என்று சமதளத்தில் ஓடுகிறவை. நாலிலும் பின்சக்கரத்தின் நடுக் குடத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டார், நாலும் இன்றுவரை ஓடுகின்றன. அதனால் இதற்கும் அதையே வாங்கினேன். மலைக்கு வேறு மாதிரி யோசிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. முதல் தவறு அங்கேதான்.

மாமாவின் சைக்கிள் 28 அங்குலச் சக்கரம் போட்ட பழைய வண்டி, கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் ராட் பிரேக். அதை மாற்ற அவருக்கு மனசில்லை. "கேரியர் நான் பட்டறையில சொல்லி அடிச்சது மாப்ள, இது மாதிரி இப்போ கிடைக்காது" என்றார். உண்மைதான். 12 மி.மீ கம்பியில் செய்த கேரியர், டின் உட்காரும் அளவுக்கே அடித்தது.

மோட்டாரை 250 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தேன். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2(யு) என்ற பிரிவு இருக்கிறது. 30 நிமிஷத் திறன் 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்து, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பதிவு எண்ணும் லைசென்ஸும் வேண்டாம். தினமும் மாநில எல்லையைத் தாண்டுகிற வண்டிக்கு இது முக்கியம். 1000 வாட் போட்டால் வேலை சுலபம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். நான் கேட்கவில்லை, இப்போதும் அதில் எனக்கு வருத்தமில்லை.

முதலில் பேட்டரி. வண்டி ராத்திரி நிற்பது அத்தையின் அடுக்களைக்கு அடுத்த திண்ணையில். சார்ஜ் ஏறுவதும் அங்கேதான். பக்கத்து அறையில் கேஸ் அடுப்பு, எண்ணெய்ச் சட்டி. அதனால் எடை கூடினாலும் பரவாயில்லை என்று லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லுக்குப் போனேன். சூட்டில் அது மற்ற லித்தியம் வகைகளைவிடச் சாது. 32700 அளவு, 3.2 வோல்ட், கொள்ளளவு 6 ஆம்பியர் அவர். 24 தேவை, 26 வாங்கினேன், ஒன்று 240 ரூபாய். ஒவ்வொன்றையும் முழுக்க ஏற்றி இறக்கி அளந்ததில் ஒன்பது நாள் போனது. பெரும்பாலானவை 5.7-க்கும் 6-க்கும் நடுவில் வந்தன. ஒன்று 4.9 காட்டியது, அதை ஒதுக்கினேன்.

செல்களை இணைக்கிற நிக்கல் பட்டையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நிக்கல் என்று சொல்லி, இரும்புப் பட்டைக்கு மேல் நிக்கல் பூசியதை விற்கிறார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அத்தையிடம் ஒரு கைப்பிடி கல்லுப்பு வாங்கி, தம்ளர் தண்ணீரில் கரைத்து, பட்டையில் அரத்தால் நாலு கீறல் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் பார்த்தால் ஒரு ரகத்தில் கீறல் நெடுக செம்பழுப்புத் துரு. இன்னொன்று வெள்ளையாகவே இருந்தது. துருப்பிடித்ததைத் தூக்கிப் போட்டேன். அதில் மின்தடை அதிகம், பட்டை சூடாகும், இந்தச் சாரல் ஊரில் இரண்டே மழைக்காலத்தில் தின்றுவிடும்.

12 வரிசை, வரிசைக்கு 2 செல் என்று 36 வோல்ட்டுக்குக் கட்டினேன். பட்டையைச் செல்லோடு ஒட்டும் ஸ்பாட் வெல்டர் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. செல்களைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் பலகையின் மெல்லிய ஒயர்களைச் செருகுவதற்கு முன் ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் பார்த்தேன். ஒயருக்கு ஒயர் 3.3, 3.3 என்று ஏற வேண்டும். ஏழாவதில் 6.6 வந்தது, எட்டாவதில் கழித்தல் 3.3. இரண்டு ஒயர் இடம் மாறியிருந்தது. பார்க்காமல் செருகியிருந்தால் பலகை அந்த நிமிஷமே போயிருக்கும். எத்தனை பேட்டரி கட்டினாலும் இந்த ஐந்து நிமிஷத்தை நான் விடுவதில்லை.

அடுத்து ஹப் மோட்டார். கன்ட்ரோலரும் த்ராட்டிலும் (வேகம் கூட்டும் கைப்பிடித் திருகி) சேர்த்து 8,900 ரூபாய், 28 அங்குல ரிம்மில் கோத்தே வந்தது. மாமாவின் சட்டத்தில் பின்பக்க இடைவெளி 114 மி.மீ. மோட்டாருக்கு வேண்டியது 135. மரையடித்த ராடு ஒன்றை இரண்டு பக்கமும் நட்டு வைத்து உள்ளே கொடுத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விரித்தேன். பழைய இரும்புச் சட்டம் என்பதால் தாங்கியது. அலுமினியத்தில் இதைச் செய்யக் கூடாது. ஆக்ஸில் உட்காரும் பள்ளத்தையும் அரத்தால் ராவ வேண்டியிருந்தது. பழைய ஆக்ஸில் 9.5 மி.மீ, மோட்டார் ஆக்ஸிலின் தட்டையான பக்கம் 10 மி.மீ.

அந்த அரை மில்லிமீட்டரை ராவும்போது ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. மோட்டாரோடு வந்த காது வாஷர் பிடித்துக்கொள்ளும் என்று விட்டேன். மூன்றாம் நாள் வல்லம் பக்கம் ஒரு மேட்டில், நின்ற நிலையிலிருந்து த்ராட்டிலைத் திருகினேன். டக்கென்று ஒரு சத்தம். சக்கரத்துக்குப் பதில் ஆக்ஸில் சுற்றிவிட்டது. ஆக்ஸிலின் துளை வழியாக வெளியே வரும் ஒயர் முறுக்கிக்கொண்டு அறுந்து, மூன்று தடி ஒயரில் இரண்டு ஒன்றையொன்று தொட்டு, கன்ட்ரோலரும் போனது. வீட்டில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். மஞ்சள் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் பீப் என்று கத்தியது. உள்ளே மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் வெந்துவிட்டது என்று அர்த்தம். புதுக் கன்ட்ரோலர் 1,400 ரூபாய்.

இந்த மோட்டார் சக்கரத்தில் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கொடுக்கும். அதே விசை ஆக்ஸிலையும் எதிர்த் திசையில் திருகுகிறது. 10 மி.மீ அகலத்தில் அதைத் தாங்க வேண்டும் என்றால், விளிம்பு ஒவ்வொன்றிலும் 300 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழும். மெல்லிய வாஷர் அதற்கு எந்த மூலைக்கு? தென்காசி லேத் பட்டறையில் 6 மி.மீ இரும்புத் தகட்டில் 110 மி.மீ நீளத்துக்கு இரண்டு பிடி வெட்டி வாங்கினேன். பள்ளத்தை மட்டும் நானே அரத்தால் ராவினேன், சுத்தியலால் தட்டித்தான் ஆக்ஸில் உள்ளே போகிற இறுக்கத்துக்கு. மறுமுனையைச் சட்டத்தோடு கிளாம்ப் போட்டு இறுக்கினேன். அதன்பிறகு ஆக்ஸில் இம்மி அசையவில்லை. ஹப் மோட்டார் போடுகிற யாரும் இந்தப் பிடியை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

சமதளத்தில் வண்டி அருமையாக ஓடியது. மாசி கடைசியில் மாமாவை ஏற்றத்துக்கு அனுப்பினேன். முதல் நாள் ஏறியது. இரண்டாம் நாளும் ஏறியது, "கொஞ்சம் முக்குது" என்றார். மூன்றாம் நாள் எஸ் வளைவின் இரண்டாம் திருப்பத்தில் கரகரவென்று அரைத்துவிட்டு நின்றுவிட்டது. போனில் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அரை மணி நேரம் ஆகியிருந்தது, அப்போதும் மோட்டார் மூடியில் கை வைக்க முடியவில்லை. கருகிய வாசனை. வீட்டில் திறந்து பார்த்தேன். உள்ளே மூன்று நைலான் பல்சக்கரங்கள். மூன்றிலும் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெண்ணெயில் கத்தி வைத்து இழுத்த மாதிரி வழித்திருந்தன. மோட்டாருக்குள் இருக்கும் செம்புச் சுருள் (காயில்) கம்பியின் வார்னிஷ் தேன் நிறத்திலிருந்து காப்பித்தூள் நிறத்துக்குப் போயிருந்தது.

காரணம் இதுதான். அந்த மோட்டாரின் சுமையில்லாத வேகம் நிமிஷத்துக்கு 320 சுற்று. 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போகும். மணிக்கு 42 கிலோமீட்டர் வருகிறது. மாமா ஏற்றத்தில் போவதோ மணிக்கு 9, 10. பெரிய சக்கரத்தை அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பலத்தோடு சுற்ற வேண்டும் என்றால், காயிலில் ஏறும் மின்னோட்டம் பாதிக்குமேல் சூடாகத்தான் போகும். பலம் போதவில்லை என்பதால் வாட்டைக் கூட்டுவது தீர்வில்லை. மோட்டார் தன் வேகத்தில் சுற்ற வேண்டும், சக்கரம் மெதுவாகச் சுற்ற வேண்டும். அதற்குப் பல்சக்கர விகிதம்தான் வழி. பலகார டின்னோடு சேர்த்து 120 கிலோவை 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டரில் தூக்க 230 வாட் போதும் என்று அப்புறம்தான் கணக்குப் போட்டேன். 250 வாட் மோட்டார், கூடவே மாமாவின் கால். தாராளம்.

சித்திரையில் மறுபடி தொடங்கினேன். இந்த முறை சைக்கிள் கடைகளில் கிடைக்கும் 24 வோல்ட் 250 வாட் கியர் மோட்டார், பெயர்த் தகட்டில் எம்ஒய் 1016 இசட் என்று இருக்கும் ரகம். கார்பன் பிரஷ் வைத்தது. சுழற்சியை அறியும் ஹால் சென்சார் கிடையாது, இரண்டே ஒயர். இரும்புப் பல்சக்கரத்தோடு வேகத்தைக் குறைத்தே கொடுக்கிறது. வெளித்தண்டில் 9 பல், சாதாரண சைக்கிள் செயினே சேரும். 4,200 ரூபாய். கையில் சுற்றை எண்ணும் டேக்கோமீட்டர் பிடித்து அளந்தேன், சும்மா சுற்றும்போது 320-ஐ ஒட்டி வந்தது. பின்சக்கரத்தில் 18 பல் போட்டால் பாதியாகி 160. மணிக்கு 21 கிலோமீட்டர். ஏற்றத்தில் 10-ல் போனாலும் மோட்டார் தன் வேகத்தில் பாதியிலாவது சுற்றிக்கொண்டிருக்கும்.

பேட்டரியில் ஒரு நல்ல வாய்ப்பு அமைந்தது. 12 வரிசை இரண்டு செல் என்றாலும் 24, 8 வரிசை மூன்று செல் என்றாலும் 24. அதே செல்களைப் பிரித்து 25.6 வோல்ட், 18 ஆம்பியர் அவர் என்று மறுபடி கட்டினேன். பிஎம்எஸ்ஸும் சார்ஜரும் மட்டும் புதுசு. பழைய பட்டையைப் பிய்க்கும்போது செல் முனையில் சின்ன முள் முள்ளாக நிற்கும். அதை மெல்லிய அரத்தால் எடுத்துவிட்டுத்தான் அடுத்த வெல்ட் அடிக்க வேண்டும்.

சட்டத்தைப் பழைய சக்கரத்துக்கு ஏற்றபடி மறுபடி சுருக்கினேன். அதே ராடுதான், இந்த முறை நட்டு வெளிப்பக்கம். மோட்டாரை இடது பக்கம் பின் குழாயில் 5 மி.மீ தகட்டில் உட்காரவைத்தேன். செயினை இழுத்துப் பிடிக்க வசதியாக போல்ட் துளையை 20 மி.மீ நீளப் பள்ளமாக வெட்டினேன்.

இடது பக்கத்துக்கு ஒரு பிரீவீல், அதாவது ஒரு திசையில் மட்டும் சக்கரத்தைப் பிடித்து மறு திசையில் சும்மா சுழலும் பல்சக்கரம், வேண்டும் அல்லவா? பெட்டியில் கிடந்த சாதாரண 18 பல் பிரீவீலை மாட்டினேன். மோட்டார் சுற்றுகிறது, செயின் ஓடுகிறது, சக்கரம் நிற்கிறது. வலது பக்கத்துக்குச் செய்த பிரீவீல் இடது பக்கம் போனால் பிடிக்கும் திசை மாறிவிடும். இடது பக்கத்துக்கென்றே இருக்கிறது, 350 ரூபாய். பிரீவீல் இல்லாமல் நேராகப் பல்சக்கரத்தையே முடுக்கலாமா என்றால், பேட்டரி தீர்ந்த அன்று பெடல் மிதிக்கும்போது மோட்டாரின் கியரையும் சேர்த்து மிதிக்க வேண்டும். 58 வயதில் யாரும் அதை மிதிக்க முடியாது.

பிரீவீலைச் சக்கரத்தோடு பிணைப்பதில் இரண்டு வாரம் போனது. கடையில் கொடுத்தது ரப்பர் வளையமும் தகடும் வைத்துக் கம்பிகளுக்கு நடுவே ஒன்பது போல்ட் போட்டு இறுக்கும் அமைப்பு. நாலு கம்பிக்கு ஒரு போல்ட், 36 கம்பிச் சக்கரத்துக்குச் செய்தது. நம்மூர் 28 அங்குல சைக்கிளில் பின்சக்கரத்துக்கு 40 கம்பி. துளையும் கம்பியும் ஒத்துப்போகவில்லை. நெருக்கித் திணித்து இறுக்கினேன். மையம் 2.5 மி.மீ விலகி நின்றது. சக்கரம் சுற்றச் சுற்றச் செயின் ஒரு பக்கம் விறைக்கும், மறுபக்கம் தொங்கும். இரண்டாம் நாளே கோட்டைவாசல் பக்கம் கம்பிகள் முறிந்தன. நாலு கம்பி புதிதாகப் போட்டு ரிம் பெண்டு எடுக்க ஒரு சாயங்காலம் போனது.

லேத் அண்ணாச்சிதான் வழி சொன்னார். சக்கரத்தைக் கையில் வாங்கி, ஹப்பின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். "கம்பியில எதுக்குத் தம்பி மையம் பிடிக்கீங்க? கம்பி வளையும். ஹப்பு வளையுமா?" என்றார். விளிம்பின் வெளிவட்டத்தில் இறுக்கமாக உட்காரும்படி வளையம் ஒன்று கடைந்து, அதை இரண்டாக அறுத்து, உள்பக்கத்தில் ஒரு தகடு கொடுத்துப் போல்ட் போட்டார். பிரீவீல் அந்த வளையத்தில்தான் ஏறியது. மையம் பிடிப்பது ஹப், கம்பிகளுக்கு இப்போது முறுக்கைத் தாங்கும் வேலை மட்டும். டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம், விலகல் 0.4 மி.மீ. தகட்டு வேலையும் சேர்த்து 900 ரூபாய் வாங்கினார். அவர் யோசனைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

மாமா வேட்டி கட்டுகிறவர். வலது பக்கம் செயின் கவர் இருக்கிறது, இடது பக்கம் புதுச் செயின் திறந்து கிடந்தது. அத்தையின் 15 கிலோ எண்ணெய் டின் ஒன்றை வெட்டி, விளிம்பை மடித்துத் தட்டி, இடது பக்கத்துக்கும் முழு கவர் செய்தேன். மடிக்காத தகர விளிம்பு வேட்டியையும் கிழிக்கும், காலையும் கிழிக்கும். அதே மாதிரி, ராட் பிரேக்கின் கைப்பிடிக் கம்பியில் ஒரு மைக்ரோ சுவிட்ச் வைத்து, பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கும்படி கன்ட்ரோலரோடு இணைத்தேன்.

அடுத்தது மழை. ஆனி, ஆடியில் இங்கே அடிக்கிற சாரல் நேராக விழாது, கணவாய் வழியாகக் காற்றோடு கிடைமட்டமாக வரும். கன்ட்ரோலரை முதலில் சிலிகான் வைத்து முழுக்க அடைத்த பெட்டியில் வைத்தேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் மூடியின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர். வெளியிலிருந்து வந்ததில்லை. பகல் சூட்டில் உள்ளே இருந்த ஈரம் ராத்திரி குளிர்ந்து வியர்த்தது. அடியில் 4 மி.மீ துளை ஒன்று போட்டேன், அதோடு சரி. ஒயர் எல்லாம் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேறும்படி விட்டிருக்கிறேன். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

ஒரு நாள் ஆரியங்காவிலிருந்து போன் வந்தது. "மூணு லைட்டும் எரிஞ்சுதே மாப்ள, திடீர்னு நின்னுபோச்சு." த்ராட்டிலில் இருக்கும் அந்த மூன்று விளக்கு வோல்ட்டேஜைப் பார்த்துச் சொல்வது. இந்த வகை செல் கிட்டத்தட்ட கடைசிவரை ஒரே வோல்ட்டேஜில் நின்றுவிட்டுச் சட்டென்று விழும். அதில் விளக்கை நம்பவே கூடாது. முந்தின ராத்திரி கரண்ட் போயிருந்ததால் சார்ஜ் பாதிதான் ஏறியிருந்தது. பிரீவீல் இருந்ததால் மிதித்தே இறங்கி வந்தார். அதன்பிறகு செலவான மின்சாரத்தை வாட் அவர் கணக்கில் எண்ணும் மீட்டர் ஒன்றை 700 ரூபாய்க்குப் போட்டேன். கடை கடையாக நின்று போய் வர 24 கிலோமீட்டருக்கு 210 முதல் 240 வாட் அவர் ஆகிறது. பேட்டரி 460. எண் 350-ஐத் தாண்டினால் திரும்பிவிட வேண்டும் என்று மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பூட்டு விஷயத்தை நான் கடைசியில் யோசித்தது தவறு. மாமா கடைக்குக் கடை ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் நிறுத்துகிறவர். வைகாசியில் ஒரு நாள் பேட்டரிப் பெட்டியின் மூடி ஒரு மூலையில் நெம்பி வளைந்திருந்தது. எங்கே நடந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பெட்டி சட்டத்தின் முக்கோணத்துக்குள் 1 மி.மீ தகட்டில் செய்தது. அன்றைக்கே விளிம்பில் உட்பக்கம் 20 மி.மீ ஆங்கிள் அடித்து, மூடி அதற்குள் நுழைந்து உட்காரும்படி மாற்றினேன். இப்போது நெம்பியை நுழைக்க இடுக்கு இல்லை. மோட்டாரைப் பிடிக்கும் ஆலன் போல்ட்டுகளின் தலைக்குழியில் சைக்கிள் பால்ரஸ் குண்டு ஒன்றைத் தட்டி இறக்கியிருக்கிறேன். சாவி நுழையாது. நான் கழற்ற வேண்டும் என்றால் துளைபோட்டுக் குண்டை எடுக்க வேண்டும், அந்தச் சிரமம் எனக்குச் சம்மதம்.

மோட்டார் ஒயரை ஷார்ட் செய்து வைத்தால் வண்டியைத் தள்ள முடியாது என்று ஒரு யோசனை சொல்வார்கள். உள்ளே கியர் இல்லாத ஹப் மோட்டாரில் அது பலிக்கும். இதில் பிரீவீல் இருக்கிறது, சக்கரம் பாட்டுக்கு உருளும். அதனால் தடிச் சங்கிலி வாங்கிச் சட்டத்தையும் பின்சக்கரத்தையும் கடைத் தூணையும் சேர்த்துப் போடச் சொன்னேன். சீட்டுக்கு அடியில் சின்ன டிராக்கர், தன் சொந்த பேட்டரியோடு. பெரிய பேட்டரியை எடுத்துவிட்டாலும் அது உயிரோடு இருக்க வேண்டும். இரண்டும் சேர்த்து 3,050 ரூபாய். பெடல் அச்சுக்குக் கீழே அடித்திருந்த சட்ட எண்ணைத் துடைத்துப் படம் எடுத்து வைத்தேன். ஆரியங்காவு சாயாக்கடை சேட்டன், "மாமா, வண்டி கொள்ளாம், இவிட உள்ளில் வெச்சோ" என்று கடைக்குள்ளேயே இடம் கொடுத்துவிட்டார். அந்த ஒரு கடையில் மட்டும் சங்கிலிக்கு வேலையில்லை.

செலவு: மோட்டார் 4,200, கன்ட்ரோலரும் த்ராட்டிலும் 1,100, பிரீவீல் 350, லேத் 900, செல் 6,240, பிஎம்எஸ் 850, சார்ஜர் 1,250, பெட்டி 1,100, மீட்டரும் ஒயரும் சில்லறையும் 1,500. ஆக 17,490. ஹப் மோட்டார், எரிந்த கன்ட்ரோலருக்குப் பதில் வாங்கியது, பழைய பிஎம்எஸ், பழைய சார்ஜர் என்று வழி தவறிப் போனது 12,550. நேராக இந்த மோட்டாருக்கே வந்திருந்தால் அவ்வளவும் மிச்சம். நைலான் சக்கரம் மாற்றிவிட்டால் ஹப் மோட்டார் சமதளத்தில் ஓடும், அதை இலஞ்சியில் ஒருவருக்குப் பேசி வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை 18-க்குப் பதில் 22 பல் போடுவேன். வேகம் மணிக்கு 17-க்கு இறங்கும், மாமாவுக்கு அது போதும், மோட்டார் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். எஸ் வளைவில் இப்போது 14 ஆம்பியர் இழுக்கிறது. அது 12-க்கு வந்தால் நிம்மதி.

எனக்கு இன்னும் உறுத்துவது பிரேக். குரோம் பூசிய இரும்பு ரிம்மில் ராட் பிரேக் நனைந்தால் வழுக்கும். முதல் நாலைந்து சுற்றுக்குப் பிடித்த மாதிரியே இருக்காது. பிரீவீல் வைத்துவிட்டதால் மோட்டாராலும் தடுக்க முடியாது. இறங்கும்போது டின் காலி என்பதால் இதுவரை சமாளிக்கிறார். இருந்தாலும் 95 கிலோ சரிவில் வருகிறது, எதிரே லாரி. முன்னால் டிஸ்க் பிரேக் காது வைத்த ஃபோர்க் ஒன்றை இந்தச் சட்டத்தில் ஏற்ற முடியுமா என்று பார்க்கிறேன். தலைக்குழாயின் உள்விட்டத்தை நேற்று அளந்து எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை லேத் அண்ணாச்சியிடம் போக வேண்டும். அதுவரை மழை நாளில் எஸ் வளைவில் சைக்கிளை விட்டு இறங்கி நடந்துதான் வர வேண்டும் என்று மாமாவிடம் சொன்னேன். "ஏத்தத்துக்குத்தானே மாப்ள கஷ்டப்பட்டேன், எறக்கத்துல நடக்குறதுக்கு என்ன?" என்று டின்னைத் துடைக்கப் போய்விட்டார்.